மட்டை நாரும் பூச்சுச் சுவரும்

சென்ற வாரம் சுண்ணாம்புக் காரையில் கடுக்காயும் வெல்லமும் செய்யும் வேலையைப் பார்த்தோம். இந்த வாரம் நார். பாலக்கோட்டைச் சுற்றித் தென்னந்தோப்புகள் இருக்கின்றன; மட்டையை அடித்து நார் பிரிக்கும் மில்களும் இருக்கின்றன. அந்த நார் கயிற்றுக்கும் மெத்தைக்கும் போகிறது. அதே வட்டாரத்தில் கட்டும் வீட்டின் சிமெண்ட் பூச்சோ முதல் கோடையிலேயே நூல் நூலாக வெடிக்கிறது. இந்த நாரைப் பூச்சுக் கலவையில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. தளத்தில் கம்பிக்குப் பதிலாக நார் போடலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பிவிடாதீர்கள்.

மண்சுவர் வைத்தவர்கள் வைக்கோலைச் சேற்றோடு மிதித்துக் குழைத்ததற்குக் காரணம் இருந்தது. ஈரம் காயும்போது மண் சுருங்கும். அந்தச் சுருக்கம் ஓரிடத்தில் பெரும் பிளவாகத் திறந்துவிடாமல் வைக்கோல் இழுத்துப் பிடிக்கும். சிமெண்ட் பூச்சுக்கும் ஆபத்தான நேரம் அதுவே. பூசிய முதல் சில மணி நேரத்தில் கலவைக்கு வலு ஏறியிருக்காது. வெயிலும் காற்றும் மேற்பரப்பின் ஈரத்தை அதற்குள் உறிஞ்சிவிடும். அப்போது தேவைப்படுவது கம்பியின் பலமல்ல, கொடுத்து வாங்கும் குணம். கற்றாழை நார் தென்னை நாரைவிடப் பல மடங்கு வலுவானது. ஆனால் தென்னை நார் அறுவதற்கு முன் 15 முதல் 30 சதவீதம் வரை நீளும். பூச்சுக்கு வேண்டியது அந்த நீட்சிதான்.

நார் மக்கிவிடுமே என்பார்கள். நியாயமான கேள்வி. சிமெண்டுக்குள் காரத்தன்மை 13 பி.எச். வரை போகும், அது நாரின் லிக்னினைக் கரைக்கிறது, சுண்ணாம்பு நாரின் குழல்களில் புகுந்து அதை முறுகச் செய்கிறது. ஸ்வீடனில் கிராம் என்பவர் 1983இல் கற்றாழை நாரை வைத்து இதை விரிவாகக் காட்டினார். அந்தக் காலத்தில் பல நாடுகளில் பரப்பப்பட்ட நார் கலந்த கூரை ஓடுகள் நாளடைவில் பலமிழந்தன. பிறகு நாரையே விட்டுவிட்டு மைக்ரோ கான்கிரீட் ஓட்டுக்கு மாறினார்கள்.

ஆனால் எல்லா நாரும் ஒன்றல்ல. புதுச்சேரி பொறியியல் கல்லூரியின் ஜி.ராமகிருஷ்ணாவும் டி.சுந்தரராஜனும் தென்னை, கற்றாழை, சணல், புளிச்சை நார்களைச் சுண்ணாம்பு நீரிலும் காரக் கரைசலிலும் ஊறவைத்துச் சோதித்து 2005இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தன் பலத்தை அதிகம் காப்பாற்றிக்கொண்டது தென்னை நார்தான். பிரேசிலின் சாவோ பாவ்லோவில் கசடு சிமெண்டும் தென்னை நாரும் சேர்த்துக் கட்டிய வீட்டுச் சுவரை 12 ஆண்டு கழித்துப் பெயர்த்து நுண்ணோக்கியில் பார்த்தபோதும் நார் சிதையாமல் இருந்தது. வெளிச்சுவர் நாருக்கும் உட்சுவர் நாருக்கும் லிக்னின் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. இருந்தாலும் மழையில் நனைந்து நனைந்து காயும் இடம் பொதுவாக நாருக்கு ஆகாது. நம் கடைகளில் கிடைக்கும் பி.பி.சி. சிமெண்டில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்திருக்கிறது; அது சுண்ணாம்பின் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதால் நாருக்கு அதுவே நல்லது. இத்தனைக்கும் பிறகு நார் மக்கினாலும், சுருக்கத்தின் முதல் அடியை அது தாங்கிக் கொடுத்தாயிற்று. தளத்தில் நார் மக்கினால் உயிருக்கு ஆபத்து. உட்சுவர்ப் பூச்சில் அப்படி இல்லை.

பாக்கெட்டில் விற்கும் பிளாஸ்டிக் நார் மக்காதே, அதைப் போட்டால் என்ன? தண்ணீர்த் தொட்டிக்கும் மொட்டைமாடிக்கும் அதைப் போடுவதே சரி. வீட்டுக்குள் இருக்கும் சுவருக்கு உள்ளூர் நார் போதும். அதற்கான காசு உள்ளூர் மில்லுக்கும் அங்கே வேலை செய்யும் பெண்களுக்கும் போகட்டும்.

கொத்தனார் சொல்லும் குறைதான் உண்மையில் கடினமானது: நார் பந்து பந்தாகச் சுருண்டுகொள்ளும், கலவைத் தண்ணீரைக் குடித்துவிடும், கரணைக்கு இழுபடாது. நாரை இரண்டு, மூன்று சென்டிமீட்டராக வெட்டி, தூசி போக அலசி, முன்கூட்டியே ஊறவைத்துப் பிழிந்து, கலவையில் சிறிது சிறிதாகத் தூவினால் இந்தக் குறை பெருமளவு தீரும். அளவு கலவையின் கன அளவில் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இடைவெளி கூடி வலு குறையும். நாரைச் சேர்த்துவிட்டோம் என்று தண்ணீர் விடுவதை ஒரு நாள்கூடக் குறைக்கவும் கூடாது. புதிதாக முயல்பவர்கள் ஒரு அறையின் இரண்டு சுவர்களை நாரோடும் இரண்டை நாரில்லாமலும் பூசி, ஒரு கோடை கழியும் வரை வெள்ளையடிக்காமல் விட்டுப் பார்க்கலாம்.