ஆயிரம் பிள்ளைகளா, இரண்டு பள்ளிகளா?

அரக்கோணத்தில் இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கு 500 பிள்ளைகள். ஒன்றில் தினமும் அரை மணி நேரம் ஓட்டமும் விளையாட்டும்; கேன்டீனில் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். மற்றதில் எல்லாம் பழையபடி. ஓராண்டு கழித்து எடை பார்த்தால், சுண்டல் சாப்பிட்ட பள்ளியில் உடல் பருமன் குறைந்திருக்கிறது. ‘ஆயிரம் மாணவர்களிடம் ஆய்வு: நிரூபணம்’ என்று மறுநாள் செய்தி வரும்.

உண்மையில் அங்கே ஒன்றும் நிரூபணமாகவில்லை. ஒரு பள்ளி ரயில்வே குடியிருப்பை ஒட்டி இருக்கலாம். இன்னொன்றுக்கு நெமிலிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் பஸ்ஸில் வரலாம். ஒன்றின் வாசலிலேயே பேக்கரி இருக்கலாம். ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே மைதானத்தில் ஆடி, ஒரே கடையில் தின்பண்டம் வாங்குகிறவர்கள். எடையிலும் ஓரளவு ஒத்துப்போவார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அதன் மறுபக்கம் இது: ஒரே பானையிலிருந்து 500 பருக்கை எடுத்துப் பார்த்தாலும் தெரிவது அந்த ஒரு பானையின் பதம்தான்.

இதற்கு எளிய கணக்கு உண்டு. ஒரே பள்ளிப் பிள்ளைகளிடையே உள்ள ஒற்றுமையைப் பொதுவாக 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணால் குறிப்பார்கள். அதை வெறும் 0.02 என்று வைப்போம். ஒரு பள்ளியின் பிள்ளைகளில் ஒருவரைக் கழித்து, 499ஐ 0.02ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் ஏறக்குறைய 11. ஆயிரத்தை அதனால் வகுத்தால் 91. ஆயிரம் பேரை எடை பார்த்த உழைப்புக்குக் கிடைப்பது 91 பேரின் தகவல். அதுவும் தாராளமாகச் சொன்ன கணக்கு. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு பள்ளி என்றால், வித்தியாசம் சுண்டலால் வந்ததா, பள்ளியால் வந்ததா என்று பிரித்தறிய வழியே இல்லை.

இது ஏதோ ஆராய்ச்சி மாணவர்கள் செய்யும் பிழை என்று நினைக்க வேண்டாம். 2016இல் ஆய்வாளர் டேவிட் அலிசனும் கூட்டாளிகளும் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பருமன், ஊட்டச்சத்து ஆய்வுகளில் கண்ட தவறுகளைத் திருத்தச் சொல்லி இதழ்களோடு மல்லுக்கட்டிய கதை அது. திரும்பத் திரும்ப அகப்பட்ட பிழைகளில் ஒன்று இதுதான்: பள்ளி, ஊர் என்று கொத்துக் கொத்தாகப் பிரித்துவிட்டுத் தனித்தனி ஆளாகக் கணக்குப் போடுவது.

நமக்கு இது தள்ளிவைக்கக்கூடிய விஷயமல்ல. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள் நான்காம் சுற்றில் 30.9 சதவீதம், ஐந்தாம் சுற்றில் 40.4. பருமனைக் குறைக்கப் பள்ளிக்கூடத் திட்டங்கள் நிச்சயம் வரும். அவற்றுக்கு ஆதாரம் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கொத்தாகப் பிரிப்பதே தப்பு என்றும் இல்லை. முறையாகச் செய்துகாட்டிய ஆய்வு நம் திருச்சி மாவட்டக் கிராமங்களிலேயே நடந்தது. மதுரை அரவிந்த் மருத்துவமனையின் லக்ஷ்மி ரஹ்மத்துல்லா குழுவினர் 15,419 சிறு குழந்தைகளை 206 கொத்துகளாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வாராவாரம் சிறிய அளவில் வைட்டமின் ஏ, கூடவே வைட்டமின் ஈ. மறு பாதிக்கு வைட்டமின் ஈ மட்டும். ஓராண்டில் மொத்த இறப்பு 125. வைட்டமின் ஏ பெற்றவர்களிடம் இறப்பு 54 சதவீதம் குறைவு. 1990இல் முடிவு வெளியானது. அதே ஆண்டு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் வெளியிட்ட, ஏறக்குறைய அதே அளவிலான ஆய்வில் அப்படிப் பலன் தெரியவில்லை. அங்கே மருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பெரிய அளவில்.

பிறகு உத்தரப்பிரதேசத்தில் சுமார் பத்து லட்சம் குழந்தைகளை வைத்து இன்னொரு வைட்டமின் ஏ ஆய்வு. 2013இல் வந்த முடிவு: இறப்பு 4 சதவீதம்தான் குறைவு, அதுவும் தற்செயலாக இருக்கலாம். பத்து லட்சம் என்ற எண் மலைக்க வைக்கிறது. ஆனால் பிரிக்கப்பட்டவை 72 வட்டாரங்கள். தலைகளை எண்ணினால் திருச்சி ஆய்வு அதன் பக்கத்தில் தூசு. கொத்துகளை எண்ணினால் திருச்சிதான் பெரியது. மருந்து குழந்தைகளைச் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்ற சண்டை வேறு நடந்தது. அதற்குள் போகவில்லை.

கொத்தைத் தனித்தனி ஆளாக எண்ணும் பிழை வெளிநாட்டுப் பெரிய ஆய்விலும் நடந்தது. ஸ்பெயினில் 7,447 பேரிடம் நடந்த ‘பிரெடிமெட்’ ஆய்வு, ஆலிவ் எண்ணெயும் கொட்டைகளும் இதயத்தைக் காக்கும் என்று 2013இல் சொல்லி உலகப் புகழ் பெற்றது. ஜான் கார்லைல் என்ற ஆங்கிலேய மயக்கவியல் மருத்துவர் அதன் எண்களில் நெருடல் கண்டார். தோண்டியபோது ஓரிடத்தில் ஆளாளுக்குச் சீட்டுக் குலுக்காமல், மருத்துவ நிலையம் நிலையமாக ஒரே உணவைக் கொடுத்திருந்தது தெரிந்தது. பக்கத்து வீட்டுக்கு மட்டும் இலவச எண்ணெயா என்று ஊரில் மனத்தாங்கல் வந்ததாம். இலவசம் என்றால் ஸ்பெயினும் நம்மூர்தான்! 2018இல் கட்டுரையைத் திரும்பப் பெற்று, கணக்கைத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. பேச்சின் உறுதி மட்டும் தணிந்தது.

அரக்கோணம் இருக்கும் ராணிப்பேட்டை மாவட்டத்தில் பள்ளிகளை வைத்து இப்படி ஓர் ஆய்வைத் திட்டமிடுகிறவர்களிடம் ஒன்றுதான் கேட்கத் தோன்றுகிறது. பிள்ளைகளைக் கூட்டாதீர்கள், பள்ளிகளைக் கூட்டுங்கள். நாற்பது பள்ளிகளில் பள்ளிக்கு 25 பேர் எடுத்தாலும் அதே ஆயிரம்தான். ஆனால் அதே 0.02ஐ வைத்துப் பார்த்தால், இந்த முறை கையில் மிஞ்சுவது சுமார் 675 பேரின் தகவல். தலைமையாசிரியர்களிடம் நாற்பது அனுமதிக் கடிதம் வாங்குவது தலைவலிதான். வாங்கித்தான் ஆக வேண்டும்.