கட்டத்துக்குள் ஒரு கடிதம்

இங்கிலாந்தில் குறுக்கெழுத்துப் புதிர் என்றால் சாமானியமல்ல. சிலேடையும் எழுத்து ஜாலமும் கலந்த பொல்லாத விடுகதை. நாலு நண்பர்கள் கூடி வாதாடித்தான் சிலர் கரையேறுவார்கள். 'கார்டியன்' பத்திரிகைக்கு 1958-ம் ஆண்டு முதல் புதிர் தயாரித்தவர் ஜான் கிரகாம் என்ற பாதிரியார். 'அரோகேரியா' என்பது புனைபெயர். குரங்கையும் திணறவைக்கும் மரத்தின் பெயராம் அது!

2013 ஜனவரியில் அவருடைய புதிரோடு ஒரு குறிப்பு வந்தது: அரோகேரியாவுக்கு 19-ல் 18, அதற்கு 13, 15 நடக்கிறது. விடை கண்டவர்கள் திகைத்தார்கள். 18 என்பது புற்றுநோய், 19, உணவுக்குழாய். மற்ற இரண்டும் சேர்ந்தால், குணப்படுத்த அல்ல, நோவைத் தணிக்க மட்டுமே உள்ள பராமரிப்பு. சிநேகிதர்களிடம் சொல்வதுபோல் கட்டங்களிலேயே சொல்லிவிட்டார்! வாசகர்களின் கடிதங்கள் குவிந்தன. பிறகும் அவர் புதிர் தயாரிப்பதை விடவில்லை. அவ்வருஷம் நவம்பர் 26-ந் தேதி, 92-வது வயதில் காலமானார்.