இறங்கித் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்

கோடை தொடங்கினால் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பிக்கப் வண்டிகளின் பின்னால் சின்னச் சின்ன வீடுகள் ஓட ஆரம்பித்துவிடும். கட்டில், அடுப்பு, கழிவறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கிய டிராவல் டிரெய்லர்கள். இவற்றில் பெரும் பங்கு, இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் தயாராகிறது. வாங்கப் போகிறவர்கள் சமையல் மேடையைத் தடவிப் பார்ப்பார்கள், மெத்தையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். மூன்று டன் எடையைத் தாங்கப்போகும் ஆக்சிலையும் டயரையும் குனிந்து பார்க்கிறவர்கள் குறைவு.

காரில் கோளாறு என்றால் ஸ்டியரிங் ஆடும், பெடல் உதறும், ஓட்டுகிறவருக்கு உடனே தெரிந்துவிடும். டிரெய்லரில் நடப்பது எதுவும் அவர் கைக்கு எட்டாது. இரண்டு ஆக்சில் வண்டியில் ஒரு டயர் வெடித்தால் பக்கத்து டயர் மொத்தச் சுமையையும் ஏற்றுக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும். கிழிந்த ரப்பர் சுழன்றடித்து, மேலே இருக்கும் தரையைப் பிய்த்து, குழாயையும் ஒயரையும் அறுத்த பிறகு, பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்துச் சொன்னால்தான் உண்டு. காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவி, 2007 செப்டம்பருக்குப் பிறகு தயாரான அமெரிக்கக் கார்களுக்குக் கட்டாயம். டிரெய்லருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம், மாட்டத்தான் வேண்டும்.

டயரில் முதலில் பார்க்க வேண்டியது அதன் வயது. வருடத்தில் பல மாதம் வெயிலில் சும்மா நிற்கும் வண்டி இது. பட்டன் புதிதுபோல இருக்கும், உள்ளே ரப்பர் செத்திருக்கும். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து, ஆறு வருடம் தாண்டியிருந்தால், பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்பதே என் கருத்து.

அடுத்தது காற்று. பரவலாகப் பயன்படும் 225/75 அளவு, 15 அங்குல டிரெய்லர் டயரில் டி ரகம் 2,540 பவுண்டு தாங்கும். ஆனால் 65 பிஎஸ்ஐ காற்று இருந்தால்தான் அந்தக் கணக்கு. காற்று குறைந்தால் தாங்கும் எடையும் குறையும், பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறும். டிரெய்லர் டயர்கள் வெடிப்பதற்கு இந்தச் சூடு முக்கியக் காரணம். அளவைக் காலையில், வண்டி நகர்வதற்கு முன்பே எடுக்க வேண்டும். நூறு மைல் ஓடிய டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடுகிறவர்கள் ஆபத்தைத் தாங்களே வரவழைக்கிறார்கள்.

டயர் தேய்ந்திருந்தால், எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். நடுவில் மட்டும் என்றால் சுமைக்கு மீறிய காற்று. இரண்டு ஓரமும் என்றால் காற்று போதவில்லை, அல்லது பாரம் அதிகம். உள் ஓரம் மட்டும் சிரைத்ததுபோல் போயிருந்தால் நோய் டயரில் இல்லை. ஆக்சில் தயாராகும்போதே நடுவில் சற்று மேல்நோக்கி வளைத்திருப்பார்கள். மீறிய பாரம் அந்த வளைவை நிமிர்த்திவிட்டால், சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து உள் ஓரம் தரையில் தேயும். மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தால் பேலன்ஸ், பேரிங், ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் புஷ் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். காரணத்தைத் தேடாமல் புது டயர் போடுவது பணத்தைச் சாலையில் தேய்ப்பதுதான். அதற்குப் பதிலாக, பயணச் சாமான்கள் எல்லாம் ஏற்றிய வண்டியை லாரிகள் நிற்கும் இடத்தில் உள்ள எடைமேடையில் ஒருமுறை ஏற்றுங்கள். குறைந்த செலவில் கிடைக்கும் உண்மை அது.

இனி பிரேக். பெரும்பாலான டிராவல் டிரெய்லர்களில் இருப்பது மின்சார டிரம் பிரேக். ஓட்டுநர் பெடலை மிதித்ததும், பிக்கப்பில் உள்ள கன்ட்ரோலர் நீல ஒயர் வழியே மின்சாரம் அனுப்பும். டிரம்முக்குள் இருக்கும் காந்தம், சுழலும் டிரம்மின் உள்முகத்தில் ஒட்டிக்கொண்டு அதோடு நகரப் பார்க்கும். அந்த இழுப்பில் நெம்புகோல் அசைந்து, பிரேக் ஷூக்களை டிரம்மில் அழுத்தும். எளிய ஏற்பாடு. பிரேக் பிடிக்கவில்லை என்றதும் காந்தத்தை மாற்று என்று பலரும் ஆரம்பிக்கிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன்.

முதலில் ஷூவின் இடைவெளி. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, டிரம்முக்குப் பின்னால் உள்ள பல்சக்கரத்தை இறுக்கமாகும்வரை திருப்பி, பிறகு லேசாக உரசும் அளவுக்குத் தளர்த்த வேண்டும். தானாகச் சரிசெய்துகொள்ளும் வகை இல்லையென்றால் இதைச் சுமார் 3,000 மைலுக்கு ஒருமுறை செய்தாக வேண்டும். பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுமானம்.

தீரவில்லையா, டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டரை நீல ஒயரில் மாட்டி, பிரேக்கை முழுதாகப் போடச் சொல்லுங்கள். 10, 12 அங்குல டிரம்மில் ஒரு காந்தம் ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். நான்கு சக்கரத்துக்கு 12 வர வேண்டும். 9 வந்தால் ஒரு சக்கரம் வேலை செய்யவில்லை. நான்கிலும் சமமாகக் குறைந்தால் துருப்பிடித்த எர்த், மெல்லிய ஒயர், பச்சை படிந்த இணைப்பு இவற்றில் ஒன்று. மிக அதிகமாகக் காட்டினால் எங்கோ ஷார்ட். நிற்கும்போது சரியாக இருந்து ஓடும்போது மட்டும் கோளாறு வந்தால், ஆக்சில் குழாய்க்குள் போகும் ஒயரைப் பாருங்கள். நுழைவாயில் விளிம்பில் உரசி உரசி உறை கிழிந்திருக்கும்.

அதன் பிறகு டிரம்மைக் கழற்றலாம். ஷூவில் கிரீஸ் பளபளத்தால், சக்கர மூடி வழியாக யாரோ கன் வைத்து அளவுக்கு மீறி அடைத்து, பின்புற சீல் வழியே அது கசிந்திருக்கிறது. லைனிங் ஊறிவிட்டால் கழுவிப் பயனில்லை. சீலோடு சேர்த்து ஷூவையும் மாற்றுங்கள். பேரிங்குக்கு வருடம் ஒருமுறை கழற்றிக் கையால் கிரீஸ் வைப்பதே பாதுகாப்பு.

பிரேக்குக்கு உண்மையான சோதனை மலை இறக்கம்தான். கொலராடோவில் ஐ-70 சாலையில், 11,000 அடிக்கு மேலே உள்ள ஐசன்ஹவர் சுரங்கத்திலிருந்து இறங்கும்போது சரிவு 7 சதவீதத்தைத் தொடும். கட்டுமீறிய லாரிகளுக்காகத் தனிப் பாதையே அங்கே போட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். கீழே வந்து நின்றதும் ஒவ்வொரு சக்கரத்தின் மையத்தையும் அகச்சிவப்பு வெப்பமானியால் பாருங்கள். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங்கோ, விடாமல் பிடிக்கும் பிரேக்கோ காரணம். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது பிரேக்கே போடவில்லை.

நம்மவர்கள் பலரும் இப்போது நீண்ட விடுமுறைக்கு டிரெய்லரை வாடகைக்கு எடுக்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் நான்கு டயரின் வருடத்தையும் ஸ்டெப்னியின் வருடத்தையும் படித்துப் பாருங்கள். வண்டியின் ஏழுமுனை பிளக்கைப் பிரித்துவிட்டு, டிரெய்லர் பிய்த்துக்கொண்டால் பிரேக் போடும் அவசரப் பின்னை ஒரு நொடி இழுக்கச் சொல்லுங்கள். சக்கரம் பூட்டவில்லை என்றால், குழந்தைகளை ஏற்றிக்கொண்டு அந்த வண்டியோடு புறப்படாதீர்கள். வேறு வண்டி கேளுங்கள்.