இழுத்துக் கட்டும் கலை

1893-ஆம் ஆண்டு கோயமுத்தூருக்கு அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்து, 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய ஜி. டி. நாயுடு அவர்கள், அதற்கெல்லாம் முன்னரே, வாலிபப் பிராயத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மோகித்து, ஊழியம் செய்து சேர்த்த பணத்தில் அதனை வாங்கி, அக்கக்காகக் கழற்றி மறுபடி பூட்டிப் பார்த்தே யந்திர வித்தையில் முதற்பாடம் கற்றார் என்பது கொங்கு நாட்டார் அறிந்த சரித்திரம். தரையில் குந்தி அமர்ந்து வண்டி பிரிக்கும் பழக்கம் இன்றும் நம் பட்டறைகளில் மறையவில்லை. ஆயினும் கோவையின் பட்டறைகள் பலவற்றில் இப்போது வண்டியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கித் தரும் லிப்ட் மேசை வந்துவிட்டது. முதுகு வலியிலிருந்து மெக்கானிக்குகளைக் காத்த அந்தச் சாதனம், கூடவே ஒரு புதிய அபாயத்தையும் கொண்டு வந்திருக்கிறது.

கத்தரிக்கோல் போல் விரியும் கால்களின்மேல், எண்ணெய் அழுத்தத்தால் உயரும் இரும்புப் பலகையே அம்மேசை. சுமார் 190 கிலோ எடையுள்ள புல்லட் ஒன்று தரையில் சாய்ந்தால் ஒரு கண்ணாடியோடு போகும். மூன்றடி உயரத்திலிருந்து சாய்ந்தால் அருகில் நிற்பவரின் கால் போகும். மேசையின் முனையில் முன்சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும் பிடி உண்டே என்பார்கள். அவிநாசித் தேரின் சக்கரத்துக்கு இடும் முட்டுக்கட்டையைப் போல அது உருளுவதைத் தடுக்கும். சாய்வதைத் தடுக்க அதனை மட்டும் நம்ப முடியாது. சாய்வைத் தடுப்பவை, வண்டியை மேசையோடு இழுத்துக் கட்டும் பட்டைகளே.

அவற்றைக் கட்டும் முறையை, நாற்பது ஆண்டுகளாக ஸ்பேனர் பிடித்த ஒரு பெரியவர் எனக்குக் காட்டினார். பட்டையின் கொக்கியை அவர் ஹேண்டில் பாரில் மாட்டவில்லை. ஃபோர்க்கின் இரு குழல்களையும் இணைக்கும் டி-ஸ்டெம்மைச் சுற்றி மெல்லிய துணி வளையம் ஒன்றைக் கோத்து, அதிலே மாட்டி, மறுமுனையை மேசையின் ஓரத்து வளையத்தில் முன்னோக்கியும் வெளிநோக்கியும் சாய்வாகப் பூட்டினார். "ஏனுங்க, சும்மா சுத்திக் கட்டுனா வண்டி நிக்குமுங்களா? கீழ இழுத்துக் கட்டோணுமுங்க" என்று சொல்லியபடியே, இடப்புறம் இரண்டு சொடுக்கு, வலப்புறம் இரண்டு சொடுக்கு என்று மாறி மாறிப் பட்டைகளின் ராட்செட்டை இறுக்க, ஃபோர்க் மெல்ல அமுங்கி, வண்டி நிமிர்ந்து உட்கார்ந்தது. சோளத்தட்டுப் பாரத்தின்மேல் கயிற்றை எறிந்து, வண்டியின் இருபுறமும் கீழே இழுத்து இறுக்கும் நம் குடியானவர்களின் யுக்தியே இதுவும்.

சாய்வாகக் கட்டுவதற்குக் காரணம் உண்டு. பட்டை 45 பாகைக் கோணத்தில் நின்றால், 100 கிலோ இழுவிசையில் ஏறத்தாழ 70 கிலோ வண்டியைக் கீழே அமுக்கும். மற்றொரு 70 கிலோ கிடையாக, முன்னோக்கியும் பக்கவாட்டிலும் பிடிக்கும். கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைப்பதுபோல் தோன்றினும், விசைகளின் கணக்கு அப்படித்தான். ஃபோர்க்கை அடிமட்டம்வரை அமுக்கிவிடலாகாது, சீல்கள் கெடும். அதன் அசைவில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் போதுமானது. பின்புறத்திலும் சட்டத்திலிருந்து இரு பட்டைகள் அவசியம். முன்சக்கரத்தையே கழற்றும் வேலையானால் ஃபோர்க்கில் கட்டிப் பிரயோசனமில்லை; என்ஜினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துச் சட்டத்தைக் கட்ட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் வண்டி விட்டிருந்த ஒரு பட்டறையில், பட்டை ஏதுமின்றிச் சென்டர் ஸ்டாண்டில் மட்டும் நின்ற வண்டியின் பின்சக்கர நட்டு இறுகிக் கிடக்க, ஸ்பேனரில் நீண்ட குழாயைச் செருகி ஒரு பையன் பலங்கொண்ட மட்டும் இழுத்தான். வண்டி முன்னே தள்ளப்பட்டு, ஸ்டாண்டு மடங்கி, மேசையிலிருந்து அவன்மேலேயே சரிந்தது. கணுக்கால் எலும்பு முறிந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டு அகலவில்லை.

பட்டை என்றால் எதுவாயினும் சரி என்பதில்லை. அறுபடும் பலத்தில் மூன்றில் ஒரு பங்கையே அது தாங்கும் வேலைப் பாரமாகக் கொள்வது நல்ல வழக்கம். ஓரம் நைந்ததும், வெயிலில் வெளுத்ததும், முறுக்கிக் கொண்டதும் உதவா. மேசை உயர்ந்தபின் அதன் பூட்டுக் கம்பியைப் போட மறக்கலாகாது. எண்ணெய் கசிந்தால் மேசை தானே இறங்கும். வேலை முடிந்து மேசை முற்றிலும் தாழ்ந்து, சைடு ஸ்டாண்டு போட்டு, ஒருவர் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்ட பின்னரே பட்டையைத் தளர்த்த வேண்டும்.

பட்டறை வைத்திருக்கும் அன்பர்களே, மேசை வாங்கிய அன்றே நான்கு நல்ல பட்டைகளையும் வாங்கிவிடுங்கள். வண்டியை விடப்போகும் அன்பர்களே, ஆயில் என்ன விலை என்று விசாரிப்பதற்கு முன்னால், "பட்டை கட்டித்தானே ஏத்துவீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.