எலியின் முட்டியும் அம்மாவின் முட்டியும்

அம்மாவுக்கு 71 வயது. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்றுதான் ஏறுவாங்க. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது: மூட்டுத் தேய்மானத்தை நிறுத்தும் மருந்து, விலங்குகளில் வெற்றி. "இது எப்போடா கடைக்கு வரும்?"னு கேட்டாங்க. பதில் தெரியலை. அதற்காக ராத்திரிகளில் உட்கார்ந்து படித்ததுதான் இது. நான் டாக்டர் இல்லை, மென்பொருள் ஆள். அதை மனசில் வைத்துப் படிக்கவும்.

தேய்மானம் என்று சொன்னாலும், டயர் தேய்வது போல இது வெறும் உராய்வு இல்லை. எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பில் கொலாஜன் என்ற நார்வலையும், அதற்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கும் அக்ரிகன் என்ற புரதமும் இருக்கின்றன. நம் உடம்பின் நொதிகளே இவற்றை வெட்டுகின்றன. அடம்ட்ஸ்-5 என்ற நொதி அக்ரிகனை வெட்டும். கேதெப்சின்-கே எலும்பின் கொலாஜனைக் கரைக்கும், குருத்தெலும்பையும் விடாது. கத்தரியின் வாயை அடைத்துவிட்டால் சேதம் நிற்கணும், அதுதான் லாஜிக். 2005இல் அடம்ட்ஸ்-5 வேலை செய்யாதபடி மரபணு மாற்றிய சுண்டெலிகளில் குருத்தெலும்பு பெருமளவு தப்பியதாக நேச்சர் இதழில் கட்டுரைகள் வந்தன.

அம்மா முட்டி கெட இருபது வருஷம் ஆச்சு. லேபில் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. அதனால் இளம் சுண்டெலியின் மூட்டில் மெனிஸ்கஸைப் பிடித்திருக்கும் நாரை வெட்டிவிடுகிறார்கள். முயலுக்கு ஏசிஎல் தசைநார், நாய்க்கு மெனிஸ்கஸில் ஒரு பகுதி. எலி என்றால் மூட்டுக்குள் அயோடோஅசிடேட் ஊசி. அது செல்கள் சர்க்கரையிலிருந்து சக்தி எடுக்கும் வழியை அடைத்து, குருத்தெலும்பு செல்களைக் கொன்றுவிடும். சில நாளிலேயே வலி வந்துவிடும். ஆனால் இது விஷம் வைத்த முட்டி, வயசான முட்டி இல்லை.

சேதத்தை அளப்பது ஓரளவு சுலபம். மூட்டை மெல்லிசாகச் சீவி, சிவப்புச் சாயம் ஏற்றி, எங்கே வெளுத்திருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். வலியை எப்படி அளப்பது? எலியிடம் கேட்க முடியாதே. பின்னங்கால்கள் ரெண்டையும் தனித்தனி எடைத்தட்டில் நிற்க வைக்கிறார்கள். வலிக்கிற காலில் பாரம் குறையும். அல்லது மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் குத்தி, எந்த அழுத்தத்தில் காலை இழுக்கிறது என்று பார்க்கிறார்கள்.

ரெண்டும் வேறவேற அளவு என்பதில்தான் சிக்கல். எம்ஐவி-711 கேதெப்சின்-கேயை அடைக்கும் மாத்திரை. முயலிலும் நாயிலும் மூட்டுச் சேதத்தை ஓரளவு குறைத்தது. பிறகு 244 மூட்டுத் தேய்மான நோயாளிகளுக்கு 26 வாரம் நடந்த சோதனை. எம்ஆர்ஐயில் எலும்பு மாற்றம் மெதுவானது, குருத்தெலும்பு மெலிவதும் குறைந்தது. அதாவது விலங்கில் பார்த்தது மனிதனிலும் தெரிந்தது, இந்தத் துறையில் அது அபூர்வம். ஆனால் சோதனையின் முதல் கேள்வியே வலி குறையுதா என்பதுதான். வெற்று மாத்திரையை விட அதில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஒருவகையில் இது ஆச்சரியமில்லை. குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. வலி வருவது அடியில் உள்ள எலும்பு, மூட்டு உறையின் வீக்கம் போன்ற இடங்களிலிருந்து. எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் முட்டியோடு ஜாலியாக நடப்பவர்கள் உண்டு. அடம்ட்ஸ்-5ஐ அடைக்கும் ஒரு மாத்திரையோ 2020இல் வெளியான மனிதச் சோதனை முடிவில் குருத்தெலும்பு மெலிவதைக்கூடத் தடுக்கவில்லை. எங்க பாஷையில், டெஸ்ட் சர்வரில் பாஸ், புரொடக்‌ஷனில் ஃபெயில்.

இதையெல்லாம் அம்மாவிடம் பாதித் தமிழில் பாதி சைகையில் விளக்கினேன். தொடைத்தசைப் பயிற்சியை விடாதீங்க, அதுக்கு மனிதர்களிடமே ஆதாரம் இருக்குன்னும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த நாய்க்கு வலி குறைஞ்சுதா?"ன்னாங்க.

திரும்பப் போய் அந்தக் கட்டுரையைப் பார்த்தேன். அதில் அவர்கள் அளந்தது எலும்பையும் குருத்தெலும்பையும்தான்.