பாதியில் நின்ற மேம்படுத்தல்

உபுண்டு லினக்ஸ் 22.04-இலிருந்து 24.04-க்கு மாறிக்கொண்டிருக்கிறது ஒரு கணினி. பொதிகளில் பாதிகூட முடிந்திருக்காது, கரண்ட் போய்விடுகிறது. மறுபடி போட்டால் கறுப்புத் திரை. 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று அடைப்புக்குறிக்குள் ஒரு சொல், பக்கத்தில் மின்னும் ஒரு கோடு. "எல்லாம் போச்சு" என்றுதான் யாருக்கும் தோன்றும்.

பெரும்பாலும் எதுவும் போயிருக்காது.

அந்தக் கறுப்புத் திரையே ஒரு மீட்புக் கருவி. அதில் காத்திருப்பது 'பிஸிபாக்ஸ்' என்ற சிறிய நிரல். 1990களின் நடுவில், ஒரே ஃபிளாப்பிக்குள் அடங்க வேண்டும் என்று டெபியனுக்காக புரூஸ் பெரன்ஸ் எழுதியது. மின்வெட்டில் கோப்பு முறைமை குலைந்திருந்தால், எந்தப் பகிர்வைச் சரிபார்க்க வேண்டும் என்று பல சமயம் திரையிலேயே எழுதியிருக்கும். 'எஃப்எஸ்சிகே' கட்டளையோடு அந்தப் பகிர்வின் பெயரைக் கொடுத்து, முடிந்ததும் 'எக்ஸிட்' என்று அடித்தால் கணினி மேலே ஏறிவிடுவதும் உண்டு. பதற்றத்தில் பலர் அந்த வரியைப் படிப்பதே இல்லை.

ஏறிய பிறகு, விட்ட வேலையை முடிக்க வேண்டும். டெபியன், உபுண்டு வகையறாவில் பொதிகளை நிறுவுவது டிபிகேஜி. முதலில் மூட்டையைப் பிரித்துக் கோப்புகளை அதனதன் இடத்தில் வைக்கும். பிறகு அவற்றை இயங்கும்படி அமைக்கும். எந்தப் பொதி எதுவரை வந்திருக்கிறது என்பதை 'ஸ்டேட்டஸ்' என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். மளிகைக்கடைப் பற்று நோட்டு மாதிரிதான். 'அன்பேக்டு' என்றிருந்தால் பிரித்தாயிற்று, அமைக்கவில்லை. 'ஹாஃப் கான்ஃபிகர்டு' என்றால் அமைக்கும்போது தடைப்பட்டிருக்கிறது. நோட்டு பத்திரமாக இருப்பதால்தான், நின்றவற்றை எல்லாம் அமைத்து முடிக்கும்படி டிபிகேஜிக்கு ஒரே கட்டளையில் சொல்ல முடிகிறது. சார்புப் பொதி ஏதாவது விடுபட்டிருந்தால் அதை 'ஆப்ட்' என்ற பொதி மேலாளர் பார்த்துக்கொள்ளும்.

சில நேரம் இயங்குதளத்தின் கருவான கெர்னல், அதிலும் புதிதாக வந்ததுதான், தகராறு செய்யும். தனிப் பகிர்வாக இருக்கும் 'பூட்' நிரம்பிப்போய், அந்தக் கெர்னலுக்கான தொடக்கக் கோப்பு உருவாகாமலே நின்றுவிடுவது அடிக்கடி காணும் காரணம். நல்லவேளையாக, புதியது வந்ததும் பழைய கெர்னலை உபுண்டு தூக்கி எறிந்துவிடுவதில்லை. தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால் 'கிரப்' என்ற தொடக்க நிரலின் பட்டியல் வரும். அதன் கூடுதல் தேர்வுகளில் பழையது இருக்கும். அதில் ஏறிக்கொண்டு மிச்சத்தைச் சரிசெய்யலாம்.

கிரப் வரையே போக முடியாவிட்டால்? 2020 ஜூலையில் அதுதான் நடந்தது. கிரப்பில் 'பூட்ஹோல்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. அதை அடைக்க வந்த திருத்தத்தை நிறுவிய ரெட்ஹேட், சென்ட்ஓஎஸ் கணினிகள் பல, மறுமுறை தொடங்கவே இல்லை. கெர்னல் நன்றாகத்தான் இருந்தது. அதற்கு முந்தைய படியில் நிற்கும் 'ஷிம்' என்ற சின்ன நிரல்தான் கெட்டிருந்தது. பழைய கெர்னல் எத்தனை இருந்தும் பயனில்லை.

அங்கே கைகொடுத்தது வெளியிலிருந்து நுழையும் வழி. மீட்பு வட்டிலோ லைவ் பென் டிரைவிலோ கணினியைத் தொடங்கி, உள்ளே இருக்கும் வன்தட்டை இணைத்து, 'சிஹெச்ரூட்' கட்டளையால் அதற்குள் போய் உட்கார வேண்டும். அதன் பிறகு அடிக்கும் கட்டளைகள் எல்லாம் படுத்துக் கிடக்கும் அந்த லினக்ஸுக்குள்ளேயே நடக்கும். அன்றைக்குப் பலர் கெட்ட பொதிகளைப் பழைய பதிப்புக்கு இறக்கியது இப்படித்தான். சொல்ல எளிது, ஆனால் 'டெவ்', 'ப்ராக்', 'சிஸ்' என்ற கோப்புறைகள் மூன்றையும் உள்ளே இணைக்க மறந்தால் பாதி கட்டளைகள் முரண்டு பிடிக்கும்.

எதற்கும் மசியாவிட்டால் மறுபடி நிறுவ வேண்டியதுதான். அப்போதும் லைவ் பென் டிரைவில் ஏறி 'ஹோம்' கோப்புறையை வேறு வட்டுக்கு நகலெடுத்துவிடலாம். அந்தப் பென் டிரைவை மேம்படுத்தலைத் தொடங்கும் முன்பே தயார்செய்து மேசையில் வைத்துவிடுங்கள். கணினி படுத்த பிறகு அதைச் செய்ய, பக்கத்து வீட்டுக் கணினியைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கும்.