வாயைத் திறந்தபடி தூங்கும் பிள்ளை

கலவான பகுதித் தோட்டங்களில் மழை ஓய்ந்திருக்கும் நாள்கள் குறைவு. லயக் காம்பிராவில் ஈரச் சுவரும் அடுப்புப் புகையும் சேர்ந்தே குடியிருக்கின்றன. ஆகவே பிள்ளைக்கு மூக்கடைப்பு, தொண்டை நோவு என்றால் "மழைக்கு வந்தது, தானாகப் போய்விடும்" என்று பெற்றோர் விட்டுவிடுகின்றனர். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியே. ஆனால் இரவெல்லாம் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று, திடுக்கிட்டு விழித்து, மறுநாள் வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையின் நோயை மழையின் கணக்கில் எழுதிவிட முடியாது.

டொன்சில் தொண்டையின் இரு பக்கமும் உள்ள சதை. வாயைத் திறந்தால் தெரியும். அடினோயிட் மூக்கின் பின்புறம் மறைந்திருப்பது. இரண்டும் கிருமிகளை எதிர்க்க உடல் வைத்துள்ள காவல். சிறு வயதில் பருத்திருக்கும் அடினோயிட், பிள்ளை வளர வளரச் சுருங்கிவிடும். அதற்கிடையில் அது மூச்சு வழியை அடைப்பதோடு, காதுக்குச் செல்லும் குழாயையும் அடைத்து, நடுக்காதில் நீர் தேங்கச் செய்வதுண்டு. கேள்வி மந்தமாகிறது. பாடம் காதில் விழாத பிள்ளைக்கு 'மக்கு' என்று பெயர் வைத்துக் கடைசி வாங்கில் இருத்திவிடுகிறோம்.

அப்படியென்றால் உடனே வெட்டி எடுத்துவிடலாமா? ஒரு காலத்தில் அப்படியும் நடந்தது. 1934இல் நியூயோர்க்கில் வெளியான ஆய்வொன்றில் 1,000 பாடசாலைப் பிள்ளைகளைப் பார்த்தபோது 611 பேருக்கு டொன்சில் ஏற்கெனவே அகற்றப்பட்டிருந்தது. மீதி 389 பேரை வைத்தியர்களிடம் அனுப்ப, 174 பேருக்குச் சத்திரசிகிச்சை வேண்டும் என்றார்கள். வேண்டாம் எனப்பட்ட 215 பேரை வேறு வைத்தியர்களிடம் காட்ட, அவர்களிலும் 99 பேருக்கு வேண்டுமாம்! இன்று அப்படியில்லை. ஓராண்டில் ஏழு தடவை, அல்லது ஈராண்டு தொடர்ந்து ஆண்டுக்கு ஐந்து தடவை, அல்லது மூவாண்டு தொடர்ந்து ஆண்டுக்கு மூன்று தடவை கடும் தொண்டை அழற்சி வந்திருந்தால்தான் அதற்காகச் சத்திரசிகிச்சை பற்றி யோசிக்கின்றனர். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிய துண்டு மறுநாளே தொலைந்துவிடுகிறது. ஆகவே காய்ச்சல் வந்த திகதியை ஒரு கொப்பியில் எழுதி வைக்கும்படி தாய்மாரிடம் சொல்லி வருகிறோம்.

தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுவது வேறு கணக்கு. 2013இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், ஐந்து முதல் ஒன்பது வயதுள்ள 464 பிள்ளைகளில் சத்திரசிகிச்சை பெற்றோர் மற்றவர்களைவிட நன்றாகத் தூங்கினர்; நடத்தையும் சீரடைந்தது. ஆனால் காத்திருந்த பிள்ளைகளிலும் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஏழு மாதத்தில் தூக்கப் பரிசோதனை சரியாகிவிட்டது. எனவே வைத்திய நிபுணர் "பொறுத்துப் பார்ப்போம்" என்றால் அவர் தட்டிக்கழிக்கிறார் என்று எண்ண வேண்டியதில்லை.

கலவான ஆதார வைத்தியசாலையில் காட்டி, கடிதம் பெற்று, இரத்தினபுரி போதனா வைத்தியசாலைக்குப் போகவேண்டிவரும். அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை. பஸ் செலவும், போகும் ஒவ்வொரு நாளும் இழக்கும் பேரும்தான் சுமை. சம்மதப் பத்திரத்தில் விளங்காமல் கைநாட்டு வைப்பது அதைவிடப் பெரிய கவலை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. என்ன செய்யப்போகிறார்கள், என்ன ஆபத்து என்று தமிழில் கேட்டறிவது சலுகையல்ல. சிங்களம் தெரிந்த உறவினர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நடைமுறைக்கு நல்லது.

ஆடும் பால் பல் இருந்தாலும், குடும்பத்தில் எவருக்கேனும் இரத்தம் எளிதில் உறையாத குறை இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பசிக்குதே என்று இரக்கப்பட்டு விடியலில் பால் தேநீர் கொடுத்துவிடக் கூடாது. மயக்க மருந்தின்போது அது நெஞ்சுக்குள் போய்விடும்.

சத்திரசிகிச்சைக்குப் பின் தொண்டையில் வெள்ளையாகப் படர்வது சீழ் அல்ல. காது வலிப்பதும் வழமை. வைத்தியர் சொன்ன அளவில் பனடோல் நேரத்துக்குக் கொடுக்கலாம், அஸ்பிரின் கூடாது. கோடீன் கலந்த மருந்தும் கூடாது. இச்சத்திரசிகிச்சைக்குப் பின் அதைக் குடித்த பிள்ளைகள் இறந்ததால் 2013இல் அமெரிக்காவில் கடும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. குளிர்ந்தது ஆகாது என்று பாட்டிமார் தடுத்தாலும் ஐஸ்கிறீம் கெடுதல் செய்யாது. விழுங்க நோகிறது என்று பிள்ளையைப் பட்டினி போடுவதுதான் கெடுதல்.

உண்மையான ஆபத்து ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில், பொருக்கு உதிரும்போது வருகிறது. அப்போது தாய் கொழுந்துக்குத் திரும்பியிருப்பாள். பிள்ளை பாட்டியோடு லயத்தில் இருக்கும். 2017 மே மாதம் வெள்ளமும் மண்சரிவும் கலவானப் பாதைகளை எப்படித் துண்டித்தன என்பதை நாம் மறக்கவில்லை. அவசரமில்லாத சத்திரசிகிச்சையானால் கடும் மழை மாதத்தைத் தவிர்க்க முடியுமா என்று கேட்கலாம். இரத்தினபுரியில் உறவினர் இருந்தால் அந்த இரு கிழமையும் அங்கேயே தங்கலாம். இல்லையேல், இரவில் எந்த வாகனம் வரும், யாரை எழுப்ப வேண்டும் என்பதைத் தோட்ட நிருவாகத்தோடு முன்பே பேசிவைக்க வேண்டும். வாயில் சிவந்த இரத்தம் கண்டால், சிறிதானாலும், டிஸ்பென்சரியில் நிற்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சிறு பிள்ளைகள் இரத்தத்தைத் துப்பாமல் விழுங்கிவிடுவதுண்டு; தூக்கத்திலும் பிள்ளை அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தால் விளக்கைப் போட்டுத் தொண்டையைப் பார்க்கும்படி பாட்டியிடமும் சொல்லி வையுங்கள்.